"குழி" இல்லை, "ரோடு இறங்குது": புகாரில் இந்த ஒரு வார்த்தை ஏன் முக்கியம்?

உங்கள் தெருவில் இப்படி ஒரு இடம் இருக்கலாம். தார் நன்றாகத்தான் இருக்கும், ஜல்லி ஒன்றுகூடப் பெயர்ந்திருக்காது. ஆனால் பைக் அதன் மேல் போகும்போது மட்டும் லேசாக ஒரு இறக்கம் தெரியும். மழை பெய்தால் அந்த இடத்தில் தட்டில் ஊற்றியதுபோல் தண்ணீர் நிற்கும். போன மாதம் ஒட்டுப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இந்த மாதம் அந்த ஒட்டும் சேர்ந்து இறங்கியிருக்கும். "ரோடுன்னா அப்படித்தான்" என்று நாமும் வண்டியை ஒதுக்கி ஓட்டிப் பழகியிருப்போம்.

இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் அந்த இடத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள். அது சாதாரணக் குழியாக இல்லாமல், 'சிங்க்ஹோல்' எனப்படும் திடீர் பள்ளத்தின் ஆரம்பமாக இருக்கலாம். செய்திகளில் "சாலையில் திடீர் பள்ளம்" என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம். உண்மையில் அது திடீரென்று வருவதில்லை. மேலே உடைகிற நொடி மட்டும்தான் திடீர். கீழே வேலை பல மாதங்களாக, சில இடங்களில் பல வருடங்களாக நடந்துகொண்டிருக்கும்.

எலி ஓட்டை போட்ட நெல் மூட்டை

எலி அடியில் ஓட்டை போட்ட நெல் மூட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? வெளியிலிருந்து பார்த்தால் மூட்டை நிமிர்ந்துதான் நிற்கும். நெல் மட்டும் அடிவழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கும். சாக்கின் விறைப்பு தாங்குகிறவரை ஒன்றும் தெரியாது. யாராவது மேலே கை ஊன்றினால் பொதுக்கென்று உள்ளே போகும்.

ரோட்டுக்கு அடியிலும் இதுதான் நடக்கிறது. சாக்கு என்பது மேலே இருக்கிற தார் அல்லது கான்கிரீட். நெல் என்பது மண். எலி என்பது தண்ணீர்.

சரி, அவ்வளவு மண் எங்கே போகும்? இதுதான் பலருக்கும் வருகிற சந்தேகம். பாதாளச் சாக்கடைக் குழாயின் இணைப்பில் ஒரு விரிசல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குழாய் எப்போதும் முழுசாக நிரம்பி ஓடாது. அதனால் வெளியே இருக்கிற நிலத்தடி நீர் விரிசல் வழியாக உள்ளே புகும். வரும்போது சுற்றியுள்ள மண்ணையும் இழுத்துக்கொண்டு வரும். அந்த மண் கழிவுநீரோடு சேர்ந்து அடித்துப் போய்விடும். குடிநீர்க் குழாயில் இது நேர்மாறாக நடக்கும். அங்கே அழுத்தம் அதிகம் என்பதால் தண்ணீர் வெளியே பீய்ச்சி மண்ணைக் கரைக்கும். கரைந்த மண்ணுக்கு வெளியேற ஒரு வழி வேண்டும். பக்கத்தில் உடைந்த சாக்கடையோ, மழைநீர் வடிகாலோ இருந்துவிட்டால் வழி தயார். இரண்டும் ஒரே இடத்தில் கசிந்தால் பாதிப்பு ரொம்ப வேகமாக நடக்கும்.

இப்படி உருவாகும் வெற்றிடம் அப்படியே நிற்காது. அதன் கூரையிலிருந்து மண் உதிர உதிர, மேல்நோக்கி ஏறிக்கொண்டே வரும். கடைசியில் தார் மட்டும் ஒரு பாலம்போல் நிற்கும். ஒரு கனரக வண்டியோ ஒரு நல்ல மழையோ போதும்.

கான்கிரீட் குழாய்களுக்கு இன்னொரு எதிரியும் உண்டு. சாக்கடையில் அழுகிய முட்டை வாடை வருமே, அது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு. குழாயின் மேல்பக்க ஈரத்தில் இருக்கிற நுண்ணுயிரிகள் அந்த வாயுவைக் கந்தக அமிலமாக மாற்றிவிடும். அமிலம் கான்கிரீட்டை அரிக்கும். தண்ணீர் ஓடுகிற அடிப்பக்கம் பத்திரமாக இருக்கும். மண்ணைத் தாங்குகிற மேல்பக்கம்தான் முதலில் போகும்.

ஜப்பானில் சைதாமா மாகாணத்தின் யாஷியோ நகரில் 2025 ஜனவரி 28 அன்று நடந்தது இதற்கு உதாரணம். காலை நேரத்தில் ஒரு சந்திப்பில் ரோடு உடைந்து, சென்றுகொண்டிருந்த லாரி உள்ளே விழுந்தது. கீழே இருந்தது 1983-லிருந்து பயன்பாட்டில் இருந்த, 4.75 மீட்டர் விட்டமுள்ள கழிவுநீர்க் குழாய். ஆரம்பத்தில் பள்ளம் சுமார் 10 மீட்டர் அகலம்தான். ஓரங்கள் உடைந்து உடைந்து, சில நாட்களில் 40 மீட்டர் வரை விரிந்தது. மீட்புக் குழு நெருங்கவே முடியவில்லை. குழாயில் கழிவுநீர் வரத்தைக் குறைத்தால்தான் தேட முடியும் என்பதால், 12 நகராட்சிகளில் சுமார் 12 லட்சம் பேரிடம் "குளிப்பதையும் துணி துவைப்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். 74 வயதான ஓட்டுநரின் உடல் மே மாதம்தான் மீட்கப்பட்டது. ஒரு சந்திப்பில் விழுந்த ஒரு பள்ளம், 12 லட்சம் பேரின் குளியலறைகள் வரைக்கும் போய்விட்டது.

பாறையே கரையும் ஊர்கள்

எல்லாத் திடீர் பள்ளங்களுக்கும் குழாய் காரணம் இல்லை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கிற கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாக மாறும். சுண்ணாம்புப் பாறை உள்ள நிலத்தில் இந்த நீர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இறங்கி, பாறையைக் கரைத்துக் குகைகளை உண்டாக்கும். குகைக்குள் நீர் நிரம்பியிருக்கிறவரை அந்த நீரும் கூரைக்கு ஒரு தாங்கல். ஆழ்துளைக் கிணறு போட்டு நீரை உறிஞ்சிவிட்டால் அந்தத் தாங்கல் போய்விடும்.

துருக்கியின் கொன்யா சமவெளியில் இதுதான் நடக்கிறது. பாசனத்துக்காக நிலத்தடி நீரை எடுக்க எடுக்க, வயல்களுக்கு நடுவே வட்ட வட்டமாகப் பள்ளங்கள் விழுகின்றன. விதைத்த நிலம் போகிறது என்பதோடு, டிராக்டரை எந்த இடத்தில் நம்பி இறக்குவது என்ற பயமும் விவசாயிக்குச் சேர்ந்துகொள்கிறது. சாக்கடல் கரையில் கதை கொஞ்சம் வேறு. அங்கே நீர்மட்டம் ஆண்டுக்கு சுமார் 1 மீட்டர் குறைகிறது. கடல் பின்வாங்கிய இடத்தில் நன்னீர் புகுந்து, மண்ணுக்கடியில் இருக்கும் உப்புப் படுகையைக் கரைக்கிறது. ஆயிரக்கணக்கான பள்ளங்கள் விழுந்து, சுற்றுலாக் கடற்கரைகளையே மூட வேண்டியதாயிற்று.

நம் அண்டை மாநிலத்திலும் இது உண்டு. ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில் 2015-ல் பெய்த கனமழைக்குப் பிறகு கிராமங்களில் நிலம் உள்வாங்கி மக்கள் பயந்துபோனார்கள். அது சுண்ணாம்புப் பாறைப் பகுதி.

தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடினப் பாறை என்பதால், பாறை கரைந்து விழுகிற பள்ளம் நமக்குப் பெரிய கவலை இல்லை. நம் கவலை நகரங்களில், நாமே புதைத்து வைத்திருக்கிற குழாய்களிலும், தோண்டிக்கொண்டிருக்கிற இடங்களிலும்தான். இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. பாறை கரைவதை யாரும் தடுக்க முடியாது. குழாய்க் கசிவை முன்கூட்டியே கண்டுபிடித்து அடைக்க முடியும்.

சென்னைக்காரர்களுக்கு 2017 ஏப்ரல் 9 நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமை, அண்ணா சாலை. மெட்ரோ சுரங்கப் பணி நடந்துவந்த இடத்துக்கு மேலே ரோடு உள்வாங்கி, ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கிவிட்டன. பேருந்தில் இருந்த பயணிகள் வெளியேறித் தப்பினார்கள். 2025 மே மாதத்தில் தரமணி டைடல் பார்க் அருகே ஒரு கார் பள்ளத்தில் விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் மீட்கப்பட்டார்கள். இரண்டிலும் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் எல்லா இடத்திலும் அப்படி நடக்காது. 2024 ஆகஸ்ட் 23 அன்று கோலாலம்பூரில், நம்மவர்கள் அதிகம் போய்வருகிற மஸ்ஜித் இந்தியா சாலையில், நடைபாதையில் போய்க்கொண்டிருந்த ஆந்திராவைச் சேர்ந்த சுற்றுலாப் பயணி காலடியில் நிலம் உடைந்து உள்ளே விழுந்தார். கீழே ஓடிய கழிவுநீர்ப் பாதையில் 9 நாட்கள் தேடியும் அவர் கிடைக்கவில்லை.

குழியா, இறக்கமா? எப்படிக் கண்டுபிடிப்பது

சாதாரணக் குழி மேலிருந்து கீழே போகும். வண்டிச் சக்கரமும் மழையும் தாரைப் பெயர்க்கும், ஓரம் கூர்மையாக உடைந்திருக்கும், ஜல்லி சிதறிக் கிடக்கும். திடீர் பள்ளம் கீழிருந்து மேலே வரும். அதனால் மேற்பரப்பு கடைசிவரை நன்றாகவே இருக்கும். சாப்பாட்டுத் தட்டுபோல் நடுவில் குழிந்திருக்கும், சுற்றிலும் அரைவட்டமாக மெல்லிய விரிசல் ஓடும்.

கூடவே வேறு சில அறிகுறிகளும் இருக்கும். மேன்ஹோல் மூடி அப்படியே நிற்க, அதைச் சுற்றியுள்ள ரோடு மட்டும் இறங்கியிருக்கும். மழை நேரத்தில் தேங்கிய தண்ணீர் ஒரே இடத்தில் சுழித்து உள்ளே போகும். மழையே இல்லாத நாளில் ஒரு இடம் ஈரமாக இருக்கும். குடிநீர்க் குழாயில் திடீரென்று கலங்கல் வரும், அல்லது தெரு முழுக்க அழுத்தம் குறையும். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் வேறு காரணமாக இருக்கலாம். ரோடு இறங்குவதோடு இன்னொன்றும் சேர்ந்தால் தாமதிக்காதீர்கள்.

அறிகுறியைப் பார்த்து உடனே நடவடிக்கை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபுகுவோகா நல்ல உதாரணம். 2016 நவம்பர் 8, அதிகாலை. அந்த ஜப்பானிய நகரத்தின் ஹகாத்தா ரயில் நிலையத்துக்கு அருகே சுரங்க ரயில் பணி நடந்துகொண்டிருந்தது. சுரங்கத்துக்குள் வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீரும் மண்ணும் வருவதைத் தொழிலாளர்கள் கவனித்தார்கள். வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள், மேலே போக்குவரத்து நிறுத்தப்பட்டது. சில நிமிடங்களில் ரோடு உடைந்தது. சுமார் 30 மீட்டர் அகலம், 15 மீட்டர் ஆழம். ஐந்து வழிச் சாலையே காணாமல் போனது. மின்சாரம், எரிவாயு, தண்ணீர், தொலைபேசி எல்லாம் அறுந்தன. ஆனால் ஒருவரும் இறக்கவில்லை. ஒரே வாரத்தில் சிமென்ட் கலந்த மண்ணை நிரப்பி ரோட்டைத் திறந்தார்கள். உலகமே அதைப் பாராட்டியது. எனக்கு அந்த ஒரு வாரத்தைவிட, ரோட்டை முன்கூட்டியே அடைத்த அந்தச் சில நிமிடங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

புகாரில் என்ன எழுதுவது

இப்போது தலைப்புக்கு வருவோம். நீங்கள் "ரோட்டில் குழி" என்று புகார் கொடுத்தால், அது சாலைப் பிரிவுக்குப் போகும். அவர்கள் வந்து குழியை நிரப்பி, தார் போட்டு, புகாரை முடித்துவிடுவார்கள். அவர்கள் வேலையை அவர்கள் சரியாகத்தான் செய்திருப்பார்கள். ஆனால் கீழே கசிகிற குழாய் வேறொரு துறையுடையது. கசிவு நிற்காதவரை போட்ட மண்ணும் போய்விடும். அதே இடத்தில் மூன்று முறை ஒட்டு விழுவது இதனால்தான். தெருக்காரர்கள் சேர்ந்து கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடுவதும் இதே கதைதான். மேலே சமமாகத் தெரியும், எச்சரிக்கை அடையாளம் மறைந்துபோகும்.

அதனால் புகாரில் "ரோடு உள்ளே இறங்குகிறது, கீழே குழாய்க் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்" என்று குறிப்பிடுங்கள். பேசுகிற தமிழிலேயே எழுதலாம், தப்பில்லை. இப்படி இருந்தால் போதும்: "எங்க தெருவுல 12-ம் நம்பர் வீட்டுக்கு எதிர்ல, மேன்ஹோல்ல இருந்து மூணு அடி தள்ளி ரோடு உள்ள இறங்குது. தார் உடையல. ரெண்டு வாரத்துல ரெண்டு இஞ்ச் இறங்கியிருக்கு. ஏற்கெனவே ஒட்டுப் போட்டாங்க, அதுவும் இறங்கிடுச்சு. சாக்கடை வாடை வருது."

அந்த "ரெண்டு இஞ்ச்" எப்படித் தெரியும் என்றால், ஓரமாக இருக்கிற, வண்டி வராத இறக்கமாக இருந்தால் மட்டும், ஒரு நேரான குச்சியைக் குறுக்கே வைத்து, நடுவில் ஸ்கேல் வைத்து போட்டோ எடுங்கள். நாலு நாள் கழித்து அதே இடத்தில் இன்னொன்று. இரண்டு போட்டோவையும் சேர்த்து அனுப்பினால் யாரும் தள்ளிவைக்க முடியாது. போனில் லொகேஷன் ஆனில் இருக்கட்டும்; பக்கத்துத் தெருவிளக்குக் கம்பத்தின் எண்ணும் படத்தில் விழுந்தால் இன்னும் நல்லது. விரிசல் விழுந்திருந்தால் அளக்கவே போகாதீர்கள், தூரத்திலிருந்து ஒரு படம் போதும்.

சென்னையில் குடிநீர் வாரியத்தின் புகார் எண் 1916. 044-4567 4567 என்ற எண்ணிலும் அழைக்கலாம். மாநகராட்சிக்கு 1913. இந்த விஷயத்தில் இரண்டுக்கும் சொல்லிவிடுங்கள். ஒரு புகாரின் எண்ணை மற்றொன்றில் குறிப்பிடுங்கள். மற்ற ஊர்களில் உங்கள் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகம். நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்றால் 'நம்ம சாலை' செயலியில் படத்தோடு பதியலாம். தேசிய நெடுஞ்சாலைக்கு 1033. எந்தத் துறை என்றே தெரியவில்லை, அல்லது கொடுத்த புகார் நகரவில்லை என்றால் முதலமைச்சர் உதவி மையத்தின் 1100. விரிசல் பெரிதாகிறது, இறக்கம் ஒரே நாளில் கூடுகிறது என்றால் இது புகார் அல்ல, அவசரம். 112-ஐ அழையுங்கள், மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077.

வீட்டு வாசலுக்கு உள்ளே

ரோடு அரசாங்கத்தின் பொறுப்பு, சரி. காம்பவுண்டுக்கு உள்ளே நம் பொறுப்பு. சம்ப், செப்டிக் டேங்க், அவற்றை இணைக்கிற குழாய்கள், இவை கசிந்தாலும் அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் மண் போகும். பழைய மனைகளில் இன்னொன்று உண்டு. தண்ணீர் வற்றிய கிணற்றை குப்பையும் இடிபாடும் போட்டு மூடி, மேலே கார் ஷெட் போட்டிருப்பார்கள். வீடு வாங்கும்போது "இங்க கிணறு இருந்துச்சா, எங்க இருந்துச்சு, எதை வெச்சு மூடினீங்க?" என்று கேட்பது சின்னக் கேள்விதான். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டால் இன்னும் சரியான பதில் கிடைக்கும்.

தரை டைல்ஸைத் தட்டினால் ஒரு பகுதியில் மட்டும் வெற்றுச் சத்தம், கதவு திடீரென்று நிலையில் இடிப்பது, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் அகலமாகிக்கொண்டே போவது, கேட் தூண் சாய்வது. இவை தெரிந்தால் கொத்தனாரை விட்டுப் பூசி மறைக்காமல், முதலில் ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டுங்கள்.

காப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுக் காப்பீட்டில் நிலம் உள்வாங்குதலால் ஏற்படும் சேதத்துக்கு இடம் உண்டு. ஆனால் புதுக் கட்டடம் இயல்பாக அமர்வது, மண் கொட்டி மேடாக்கிய நிலம் இறங்குவது, கட்டுமானக் கோளாறு, தோண்டும் வேலையால் வருவது போன்றவற்றுக்கு விலக்கு இருக்கிறது. நகரத்தில் நடப்பதில் பாதி இந்த விலக்குக்குள் வந்துவிடும்போல் இருக்கிறதே என்று எனக்கும் தோன்றியது. அதனால் பாலிசி எடுக்கும்போதே விலக்குப் பட்டியலைப் படித்துவிடுங்கள். வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால், பள்ளத்தில் விழுந்த உங்கள் வண்டியின் சேதத்துக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

கண் முன்னால் விழுந்தால்

முதலில் விலகுங்கள். வெளியே தெரிகிற வாயைவிட உள்ளே இருக்கிற வெற்றிடம் அகலமாக இருக்கும். நீங்கள் நிற்கிற ஓரத்துக்குக் கீழேயும் மண் இருக்காது. எட்டிப் பார்ப்பதும் செல்ஃபி எடுப்பதும் அந்த மெல்லிய ஓரத்தில் நின்றுதான். நன்றாகத் தள்ளி நின்று, இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தச் சொல்லுங்கள். இருட்டில் நிறுத்திய வண்டியின் ஹசார்ட் விளக்கு பெரிய உதவி. உள்ளே மின்கேபிள் தெரிந்தால் மின்னகம் எண் 94987 94987-க்கும் சொல்லிவிடுங்கள்.

யாராவது உள்ளே விழுந்துவிட்டால்? 2025 ஜூலை 26 அன்று சிங்கப்பூரின் தஞ்சோங் காத்தோங் சாலையில் கார் ஒன்று பள்ளத்துக்குள் போனது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஓட்டிவந்த பெண் காரிலிருந்து எப்படியோ வெளியே வந்துவிட்டார். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த கட்டுமானத் தொழிலாளர்கள் ஓடிவந்தார்கள்; அவர்களை வழிநடத்திய மேற்பார்வையாளர் தமிழ்நாட்டுக்காரர். அவர்கள் யாரும் உள்ளே குதிக்கவில்லை. நைலான் கயிற்றை வீசி, அவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, சில நிமிடங்களில் மேலே இழுத்துவிட்டார்கள். நல்ல மனசோடு உள்ளே இறங்குகிறவர் இரண்டாவது ஆளாக மாட்டிக்கொள்வார்; சாக்கடைக் குழாய் உடைந்த பள்ளத்தில் விஷவாயுவும் இருக்கும். கயிறு, நீளமான துணி, ஏணி, எதுவானாலும் மேலே நின்றே நீட்டுங்கள்.

சரிசெய்த பிறகு

குழாயைத் தோண்டிச் சரிசெய்து மூடினார்கள் என்றால், "வேலை முடிந்தது" என்ற குறுஞ்செய்தி வந்ததும் புகார் எண்ணை அழித்துவிடாதீர்கள். ஃபுகுவோகாவிலேயே, ரோட்டைத் திறந்து சில நாட்களில் நிரப்பிய இடம் 7 சென்டிமீட்டர் இறங்கியது; மறுபடி சில மணி நேரம் அடைத்துப் பரிசோதித்த பிறகுதான் விட்டார்கள். புதிதாக நிரப்பிய மண் கொஞ்சம் அமர்வது இயல்பு. வடகிழக்குப் பருவமழையின் முதல் இரண்டு நல்ல மழைக்குப் பிறகு அந்த இடத்தில் குச்சியை மறுபடி வைத்துப் பாருங்கள். இறக்கம் தொடர்ந்து கூடினால், புதுப் புகாராகப் போடாமல், பழைய எண்ணையும் பழைய போட்டோக்களையும் சேர்த்தே அனுப்புங்கள். பார்க்க வருகிற பொறியாளருக்கு எங்கே தோண்ட வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.